காலஞ்சென்ற தலைவரின் பதவிக்காலம்

தன் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு முதல்நாள், 1992 ஜனவரி முதலாம் திகதி காலை பத்து மணிக்கு, சிவசம்பு ராஜரத்தினம் மல்கிரேவ் மண்டபத்துக்கு வந்து தென்கண்டத் தமிழ்ப் பேரவையின் தலைவராகப் பதவியேற்றார். அழைப்பிதழில் பத்து மணி என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு மெல்பேர்ன் தமிழர் ஒருவர் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது அதுவே முதல் தடவை என்பதால், அவரை வரவேற்க அங்கே யாரும் இல்லை; மண்டபமும் பூட்டியிருந்தது. பதினொன்றேகாலுக்குச் சாவியோடு வந்த செயலாளர் சேகர், வாசலில் நின்ற தலைவரைக் கண்டதும், "சாரி சார், ஒரே டிராஃபிக்" என்றார். புத்தாண்டு விடுமுறை, தெருவில் ஈ காக்கை இல்லை. பொய்யைச் சொல்லி முடித்த பிறகுதான், போன மாதம் இதே ராஜரத்தினத்துக்குத் தான் வாய்க்கரிசி போட்டது சேகருக்கு நினைவு வந்தது. தகனத்தின்போது உடுத்திவிட்ட அதே கருநீலக் கோட்டில்தான் தலைவர் வந்திருந்தார். சாம்பலைக் குடாக்கடலில் கரைத்திருந்தபடியால் முழங்காலுக்குக் கீழே ஈரம், சப்பாத்துக்குள் மணல். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. சேகர் கதவைத் திறந்து, அவரை மேடையில் உட்காரவைத்துவிட்டு, மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கப் போனார்.

இது எப்படி நேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் பேரவையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்றாலும். எண்பத்து மூன்றுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியவர்கள், அதற்கு முன்பே படிக்க வந்து தங்கிவிட்ட மலேசியா, சிங்கப்பூர்க்காரர்கள், வேலைக்கென்று வந்த தமிழ்நாட்டுக்காரர்கள் என்று மூன்று வகைத் தமிழரும் ஆளுக்கொரு சங்கம் வைத்தார்கள். ஒவ்வொரு சங்கமும் இரண்டாக உடைந்தது; உடைந்ததில் ஒன்று மறுபடி உடைந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்கப் போவதாகச் சொல்லி 1986இல் தொடங்கியதுதான் பேரவை. பொங்கல் விழாவில் குத்துவிளக்கை முதலில் யார் ஏற்றுவது, முன்வரிசையில் யார் உட்காருவது, எந்த ஊர்ச் சாம்பாரைச் சாம்பார் என்று ஒப்புக்கொள்வது என்பவற்றைத் தவிர அது வேறெதையும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. சரியாகச் சொன்னால் இவற்றையும் தீர்மானிக்கவில்லை, விவாதித்தது.

அதன் விதிகளை எழுதியவர் நரசிம்மன். மயிலாப்பூர்க்காரர், பாலம் கட்டும் பொறியாளர். மெல்பேர்னுக்கு வருமுன் அமெரிக்காவில், ஒஹாயோவில், இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தவர். அந்த இரண்டு குளிர்காலத்தையும் வைத்துக்கொண்டு மிச்ச ஆயுள் முழுதும் பேசினார். "அமெரிக்காவுல ஜனங்க நேரா பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்க மாட்டாங்க சார், அதுக்குன்னு ஆளுங்களைத் தேர்ந்தெடுப்பாங்க" என்று அவர் சொன்னதும், அமெரிக்கா என்ற சொல்லிலேயே பாதிப் பேர் மயங்கிவிட்டார்கள். ஆகவே பேரவையிலும் அப்படியே ஆயிற்று. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அக்டோபரில் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். அந்த வாக்கால் தலைவர் வர மாட்டார், தேர்வாளர்கள் என்று சிலர் வருவார்கள்: விக்டோரியாவுக்கு ஏழு பேர், நியூ சவுத் வேல்ஸுக்கு ஏழு பேர், மிச்ச மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்து ஐந்து பேர். டிசம்பர் இரண்டாம் ஞாயிறு அவரவர் மாநிலத்தில் அவர்கள் கூடி, ஒவ்வொருவராக எழுந்து, விளக்கைத் தொட்டு, தாங்கள் யாருக்கென்று சொல்லித் தெரிவானார்களோ அவருடைய பெயரைச் சத்தமாகச் சொல்வார்கள். அதை எழுதிக் கையெழுத்து வைத்து, அரக்கு உருக்கி முத்திரை குத்தி, கன்பராவில் ஒரு டாக்டர் வீட்டுக் கார் கொட்டிலில் இருந்த தலைமையகத்துக்கு அனுப்புவார்கள். அரக்கு காய்வதற்குள் முடிவு தொலைபேசியில் சிட்னிக்குப் போய்விடும் என்பது வேறு விஷயம். பெயரை மாற்றிச் சொல்கிற தேர்வாளரைக் குடும்பத்தோடு பேரவையை விட்டு நீக்கலாம், ஆனால் வாயிலிருந்து வந்த வாக்கைத் திருப்பி வாங்க முடியாது. ஊருக்கே தெரிந்த பெயரை மறுபடி ஒருமுறை சொல்வதற்கு எதற்கு ஏழு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஏழு பேருக்கும் பொன்னாடை உண்டு. பொன்னாடை இருக்கிற இடத்தில் தமிழன் கேள்வி கேட்பதில்லை.

இந்த விதிகளை நிறைவேற்ற நல்ல நாள் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை கூடினார்கள். விளக்கேற்றி, தேவாரம் பாடி, நரசிம்மன் ஒவ்வொரு விதியாக வாசித்துக்கொண்டு வந்தார். "தலைவர் பதவிக்காலத்தில் இறந்தால்" என்று அவர் வாயெடுத்ததும் மண்டபமே எழும்பியது. விளக்கு எரிகிற நேரத்தில், நல்ல நாளும் அதுவுமாக, என்ன பேச்சு இது என்று பெண்கள் காதைப் பொத்தினார்கள். சிட்னி கிரவீனிலிருந்து வந்திருந்த பீட்டர் ஆரோக்கியசாமி மலேசியாவின் ஈப்போவில் பிறந்த கத்தோலிக்கர், நாள் நட்சத்திரம் பார்க்காதவர். அவரும் சிலுவை போட்டுக்கொண்டு, "இதெல்லாம் எழுதி வைக்கக் கூடாது லா, எழுதினா நடந்துரும்" என்றார். வாக்கியத்தை அடித்துவிட்டார்கள். பேரவையின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். "தலைவர் பதவி விலகினால்" என்ற அடுத்த வாக்கியத்தையும் சேர்த்து அடித்தார்கள். கதிரையை விட்டுத் தானாக எழும்பக்கூடிய ஒருவரை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தெரிவான தலைவர் புத்தாண்டு நாளில் நேரில் வந்து பதவியேற்க வேண்டும், அடுத்தவர் தெரிவாகும்வரை கதிரையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் அடிபடாமல் நின்றது. எல்லாரும் கைதட்டிவிட்டு வடை சாப்பிடப் போனார்கள்.

ராஜரத்தினம் கழிவுநீர்க் குழாய்ப் பொறியியலாளர். பதவி ஆசையைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாத மனிதர். 1988இல் நரசிம்மனைத் தோற்கடித்துத் தலைவரானார், 1991 அக்டோபரில் அதே நரசிம்மனை மறுபடியும் வென்றார். டிசம்பர் மூன்றாம் திகதி, பொங்கல் விழாவுக்கு நாதஸ்வரத்தைக் கசெட்டில் போடுவதா ஆளைக் கூப்பிடுவதா என்று தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவர் பேச்சை நிறுத்திய பிறகும் மறுமுனையில் இருந்தவர் கொஞ்ச நேரம் வாதாடி, தானே வென்றுவிட்டதாக நினைத்துத் தொலைபேசியை வைத்தார்.

தேர்வாளர்கள் கூடும் ஞாயிறு அதே வாரத்தில் வந்தது. ஏழு பேரும் செத்தவீட்டுக் களை மாறாத முகத்தோடு மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். நரசிம்மன் புதுக் கோட்டும் சூட்டுமாக முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, துக்கமாக இருப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். செத்த மனிதனுக்கு எப்படி வாக்குப் போடுவது என்று ஒருவர் கேட்டார். "அப்ப நரசிம்மனுக்கு எப்பிடிப் போடுறது?" என்று இன்னொருவர் கேட்டார். இரண்டாவது கேள்விதான் எல்லாருக்கும் கனமாகப் பட்டது. வாக்கு மாறினால் பேரவையை விட்டு நீக்குவார்கள், பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்குப் போக முடியாது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று ஒரு பழமொழியும் கைவசம் இருந்தது. ஏழு பேரும் எழுந்து ராஜரத்தினத்தின் பெயரைச் சொன்னார்கள். மெல்பேர்ன்காரர் காட்டிய விசுவாசத்தைத் தாங்கள் காட்டவில்லை என்ற பேச்சு வரக்கூடாது என்று சிட்னியும் அப்படியே சொன்னது. உயிரோடு இருந்தபோது கிடைத்ததைவிடச் செத்த பிறகு அவருக்கு அதிக வாக்குக் கிடைத்தது. அப்படித்தான் அவர் வந்தார்.

பதவியேற்பு முடிந்து சேகர் அவரைக் காரில் கொண்டுவந்து இறக்கியபோது, மனைவி கமலினி மறுநாள் அந்தியேட்டிக்கு வேண்டிய மரக்கறியைக் குசினியில் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்து நாலு. கிளேட்டனில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாசலில் அவரைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். முதல் சில வாரம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை. வேலையிலிருந்து வந்ததும் அவர் பக்கத்தில் இருந்து அன்று நடந்ததெல்லாம் சொல்வாள். அவர் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. வரவேற்பறைக் கதிரையில் ஈரம் சொட்ட இருப்பார். பேரவைக் கூட்டம் உள்ள ஞாயிறுகளில் மட்டும் எழுந்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் போய் நிற்பார். தன் புருஷன் தனக்காக வரவில்லை, பதவிக்காகத்தான் வந்தார் என்று அவளுக்கு விளங்க மாசி மாதம் ஆயிற்று. உயிரோடு இருந்த காலத்திலும் அப்படித்தான், ஆனால் அப்போது சாப்பாட்டுக்காவது குசினிப் பக்கம் வருவார்.

அந்தியேட்டி நடக்கவில்லை. வந்த ஐயர் வரவேற்பறையை எட்டிப் பார்த்துவிட்டு, "கதிரையில இருக்கிறவருக்கு எப்பிடியம்மா அந்தியேட்டி செய்யிறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆகவே கமலினி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. கல்யாண வீடுகளில் அவளை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் கூப்பிடுவதையே விட்டார்கள். மகள் யோகா, "மம், ஹீ இஸ் டிரிப்பிங் ஆன் தி கார்ப்பெட்" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, படிப்பு முடிந்ததும் மேற்கே பேர்த் நகரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். கமலினி கதிரையில் துவாய் விரிக்கக் கற்றுக்கொண்டாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பிழிந்தால் உப்புத் தண்ணீர் வரும்.

பேரவைக்கோ அது பொற்காலம். தலைவர் பேசியது மூன்றே சொல்: "நன்றி. அடுத்த விடயம்." கூட்டங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தன. அவர் யார் பக்கமும் சாயவில்லை, யாரையும் கோபிக்கவில்லை, முன்வரிசையில் தன் சொந்தக்காரரை உட்காரவைக்கவில்லை. விழாவுக்கு வந்த எம்.பி. ஒருவர் கை குலுக்கிவிட்டு, தலைவரின் கை ரொம்பக் குளிர்ந்திருக்கிறதே, மெல்பேர்ன் குளிருக்குப் பழகிவிட்டார்போல என்று மேடையில் பாராட்டினார். அரசாங்கத்திடம் அவர் இறந்த அத்தாட்சி இருந்தது, பேரவையிடம் அவர் தெரிவான அத்தாட்சி இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. தொண்ணூற்று நாலிலும் தொண்ணூற்றேழிலும் அதற்குப் பிறகும் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. வென்றால் பிணத்தை வென்றவன், தோற்றால் பிணத்திடம் தோற்றவன் என்று ஊர் சொல்லும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேர்வாளர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, அவர் பெயரைச் சொல்லிப் பொன்னாடையை வாங்கிப் போனார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கென்று சென்னையிலிருந்து புதிதாக வந்த இளைஞர்கள், மேடையில் நனைந்து உட்கார்ந்திருப்பவர் யார் என்று விசாரித்தார்கள். தலைவர், செத்துப் பத்து வருஷம் ஆகிறது என்று சொன்னதும் "ஓ" என்று தலையாட்டிவிட்டுத் தட்டோடு வரிசைக்குப் போனார்கள். தலைவர்கள் விஷயத்தில் அவர்கள் ஊரில் இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தவர்கள்.

2009ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் கமலினி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அவர் பேசினார். "கமலினி, கால் உளையுது" என்றார்.

பதினேழு வருஷத்தில் கூட்டத்துக்கு வெளியே அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் மடித்ததையெல்லாம் கீழே போட்டுவிட்டுப் போய், அவர் காலடியில் இருந்து சப்பாத்தைக் கழற்றினாள். இன்னும் மணல் கொட்டியது. கால் இரண்டும் ஊறி, சவர்க்காரத் தண்ணீரில் நாளெல்லாம் நின்ற கைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. மடியில் வைத்து அமத்திவிட்டாள். "எப்ப முடியும்?" என்று அவர் கேட்டார். எத்தனையோ வருஷமாக அவள் அவரை வெறுத்திருக்கிறாள், அலுத்திருக்கிறாள், மறந்துகூட இருந்திருக்கிறாள். அன்றைக்கு அவர்மேல் வந்த இரக்கம் அவளுக்குத் தாங்கவில்லை. செத்த மனிதனைக்கூடச் சாகவிடாத இந்தக் கூட்டத்தை நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் சேகருக்குத் தொலைபேசி எடுத்து, இந்த முறை விக்டோரியாவின் தேர்வாளர்களில் ஒருத்தியாகத் தான் நிற்கப் போவதாகச் சொன்னாள். சேகருக்கு மகிழ்ச்சி. புருஷனுக்குப் பெண்சாதி வாக்குப் போடுவதில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அந்த வருஷம் தலைவரை எதிர்த்து ஒருவர் நின்றார். நரசிம்மன்தான். வேண்டாத வயதில் எதற்கு இது என்று ஊர் சிரித்தது. ஊருக்கு விஷயம் தெரியாது. அவருடைய ஈரலில் எதையோ கண்டுபிடித்த டாக்டர், அடுத்த பொங்கலைப் பார்ப்பது கஷ்டம் என்று சொல்லியிருந்தார். நரசிம்மன் வீட்டுக்கு வந்து, தான் எழுதிய விதிகளைத் தானே எடுத்து வாசித்தார். பதவியில் இருக்கிறவர் சாவதற்கு அதில் வழியே இல்லை. அதற்குச் சாட்சி பதினேழு வருஷமாக மேடையில் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறது. மனுஷர் அன்றே சிட்னிக்குப் பறந்தார். தலைமையகத்தைக் கன்பராவிலிருந்து எடுத்துக் கிரவீனுக்குக் கொண்டுவருவதாகப் பீட்டர் ஆரோக்கியசாமிக்குச் சத்தியம் செய்தார். சிட்னியை ஒரு ஊர் என்றே மதிக்காதவர் அவர், ஆனால் உயிர்மேல் ஆசை வந்தால் எந்த ஊரும் நல்ல ஊர்தான். சிட்னியின் ஏழு பேரும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். மற்ற மாநிலங்களில் இரண்டு பேர் கிடைத்தார்கள். விக்டோரியா வழக்கம்போல ராஜரத்தினத்தின் பக்கம். அக்டோபர் எண்ணிக்கை முடிந்தபோது நரசிம்மனுக்கு ஒரே ஒரு வாக்குத்தான் குறைந்தது.

நவம்பரில் நரசிம்மனின் மனைவி ராதா கமலினியைப் பார்க்க வந்தாள். ஒரு டப்பாவில் ரவாலட்டு கொண்டுவந்திருந்தாள். வரவேற்பறையைக் கடக்கும்போது கதிரையையும் துவாயையும் தரையில் வைத்திருந்த வாளியையும் நின்று பார்த்தாள். பிறகு குசினிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க மட்டும் இவருக்குப் போட்டுடாதீங்க."

"நான் ஏன் அவருக்குப் போடப் போறன்?" என்றாள் கமலினி.

"இவருக்கு ஒரு ஓட்டுத்தான் குறையுது, நீங்க தேர்வாளரா நின்னிருக்கீங்க. வேற யாரும் கவனிக்கல. நான் கவனிச்சேன்" என்றாள் ராதா. சத்தம் போடாமல், கண்ணைத் துடைக்காமல் பேசினாள். "நாப்பது வருஷம் இருந்துட்டேன் அக்கா. டாக்டர் சொன்னன்னைக்கு அழுதேன், நெஜமாத்தான் அழுதேன். மறுநாள் தங்கச்சிக்குப் போன் பண்ணி, கோயம்புத்தூர்ல எனக்கு ஒரு ரூம் ஒழிச்சு வைன்னு சொன்னேன். பாவின்னு நெனைக்காதீங்க. எல்லார் புருஷனும் போற மாதிரி அவரும் போகட்டும். எனக்கு அது போதும்."

கமலினி கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றாள். ராதா குடித்துவிட்டுப் போனாள். தன் தலையில் இருக்கிற சுமையை இறக்க வேண்டுமானால் அதை அந்தப் பெண்ணின் தலையில் வைத்தாக வேண்டும் என்பது கமலினிக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேறு வழி இருக்கிறதா என்று ஒரு மாதம் யோசித்தாள். சேகரிடம் போய், விதியில் இல்லாத அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்க முடியாதா என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். சேகர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் அபசகுனம் மேடம்" என்றார். இந்த விஷயத்தில் நியாயம் பேச விரும்புகிறவர்கள் முதலில் பதினெட்டு வருஷம் ஈரத் துவாய் பிழிந்துவிட்டு வந்து பேசட்டும்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு மெல்பேர்னில் அனல் காற்று. மண்டபத்தில் நெருப்புக் கொளுத்தினால் அலாரம் அடிக்கும் என்பதால், திரிக்குப் பதிலாகச் சின்ன பல்பு பொருத்திய குத்துவிளக்கை வைத்து ஸ்விட்சைப் போட்டார்கள். மேடையில் ராஜரத்தினம் மடித்த துவாயின்மேல் இருந்தார். முன்வரிசையில் நரசிம்மன், கண்ணெல்லாம் மஞ்சளாகி, அந்த வெயிலிலும் கோட்டும் சூட்டும். பின்னால் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ராதா. சிட்னி வாக்குப் போட்டு முடிந்ததைப் பீட்டர் ஏற்கெனவே கைத்தொலைபேசியில் சொல்லியிருந்தார். முடிவு எல்லாருக்கும் தெரிந்த முடிவு என்பதால் பாதிப் பேர் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். ஆறு ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, பல்பு விளக்கைப் பயபக்தியோடு தொட்டு, ராஜரத்தினத்தின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். கடைசியாகக் கமலினி எழுந்தாள்.

"விக்டோரியா மாநிலத்தின் தேர்வாளராகிய நான், என் வாக்கை நரசிம்மனுக்கு அளிக்கிறேன்" என்றாள்.

பின்னால் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. சேகர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "மேடம், டங் ஸ்லிப் ஆயிடுச்சு போல" என்றார்.

"இல்லைத் தம்பி. சொன்னதை எழுதுங்கோ."

மண்டபம் எழும்பியது. செல்லாது என்றார்கள், பைத்தியம் என்றார்கள், புருஷனுக்கே துரோகம் செய்தவள் என்றார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலாக நரசிம்மன் எழுந்து, ஈரல் வலியையும் மறந்து, வாயிலிருந்து வந்த வாக்கைத் திருப்பி வாங்க முடியாது, விதியைப் பாருங்கள், விதியைப் பாருங்கள் என்று கத்தினார். விதியைப் பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. கமலினி கையெழுத்து வைத்தாள். மண்டபக் குசினியின் மின்னடுப்பில் அரக்கை உருக்கிக் கொண்டுவந்து முத்திரை குத்தினார்கள். அதே மூச்சில் அவளைப் பேரவையை விட்டு நீக்கி அதையும் எழுதினார்கள்.

முத்திரை பதிந்ததும் ராஜரத்தினம் கதிரையை விட்டு எழுந்தார். மேடைப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அவரை யாரும் கவனிக்கவில்லை, புதுத் தலைவருக்கு யார் முதலில் பொன்னாடை போர்த்துவது என்று தகராறு ஆரம்பித்திருந்தது. அவர் கமலினியின் முன்னால் வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். "அப்ப நான் போறன்" என்றார். கடைக்குப் பால் வாங்கப் போகிறவர்கூட வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார். வேறு யார் சொல்லியிருந்தாலும் கமலினி வாயில் அடித்திருப்பாள்.

"ஓம்" என்றாள். "போங்கோ."

அவர் கார் தரிப்பிடத்தைக் கடந்து, தெருவில் கடல் இருக்கிற பக்கமாகத் திரும்பி நடந்தார். தாரில் பதிந்த ஈரக் கால்தடங்கள் வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. கமலினி வாசலில் நின்று, கடைசித் தடம் காயும்வரைக்கும் அழுதாள். தன் கைப்பையை எடுக்க உள்ளே வந்தபோது, ராதா உடைந்த கோப்பையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. கமலினி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கக்கூடிய அளவுள்ள விஷயமாக அது இல்லை. அடுத்த வாரம் ஐயர் வந்து, கதிரை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அந்தியேட்டியைச் செய்துவைத்தார்.

நரசிம்மன் டிசம்பர் இருபத்தைந்துக்கு, நத்தாருக்கு, முன்பே காலமானார். நல்ல கூட்டம். பீட்டர் சிட்னியிலிருந்து வந்து, தலைமையகத்துக்குக் கிரவீனில் பார்த்து வைத்திருக்கிற இடத்தைப் பற்றி இரங்கல் உரையில் பேசினார். பதவியேற்பு ஜனவரி முதலாம் திகதி; ஆனால் வாழ்நாளில் எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்குப் போயிராத நரசிம்மன், டிசம்பர் முப்பத்தோராம் திகதி மத்தியானமே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். பதவி என்றால் அவ்வளவு அவசரம்.

செய்தி கேட்டுக் கமலினி மாலையில் ஒரு பாத்திரத்தில் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்த ராதா அவளையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கமலினியும் நின்றாள். கடைசியில், "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு ராதா வழிவிட்டாள்.

நரசிம்மன் சோபாவில் இருந்தார். அவருடைய சாம்பலை ராதா இன்னும் கடலில் கரைத்திருக்கவில்லை, அதனால் ஈரம் இல்லை. ஆனால் அசையும் போதெல்லாம் உதிர்ந்தார். சோபாவைச் சுற்றித் தரையெல்லாம் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது. கமலினி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எங்கட ஆள் ஈரம். இவர் தூள்" என்றாள். "துவாய் வேண்டாம். வாக்யூம் கிளீனர் போதும். ஃபேனை மட்டும் போட்டுடாதேங்கோ."

ராதா அலமாரியைத் திறந்து வாக்யூம் கிளீனரை இழுத்துக்கொண்டு வந்தாள். அதன் வயரைப் பிரித்துக்கொண்டே, "எவ்ளோ நாள் அக்கா?" என்று கேட்டாள்.

"அடுத்த தேர்தல் வரைக்கும்."

"எதுத்து யார் நிப்பா? செத்தவர்கிட்டத் தோக்கறதுக்கு எவன் வருவான்?"

"சாகப் பயந்தவன் ஒருத்தன் எப்பவும் இருப்பான், ராதா" என்றாள் கமலினி. "ஆளைத் தேடிப் பிடிக்கிறதுதான் வேலை."

ராதா வயரைக் கையில் வைத்தபடி யோசித்தாள். பேரவையின் முன்வரிசையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் மனதுக்குள் பார்த்துக்கொண்டு போனவள், ஒரு இடத்தில் நின்றாள்.

"சேகருக்கு சுகர் இருக்குல்ல?"

"ஓம்" என்றாள் கமலினி. "பிரஷரும் இருக்கு."

ராதா ஸ்விட்சைப் போட்டாள். நரசிம்மன் இரண்டு காலையும் தூக்கிக் கொடுத்தார்.